ரயர் மாற்ற முன் அளந்து பார்ப்போம்

புரட்டாதி பிறந்துவிட்டால் எமது கிராமங்களில் ஒரே பேச்சு உழவு இயந்திரத்தைப் பற்றியதாகவே இருக்கும். யாருடைய இயந்திரம் ஓடுகிறது, யாருடையது கராச்சில் நிற்கிறது, ஏக்கருக்கு என்ன கேட்கிறார்கள் என்ற விசாரிப்புகளோடு, ரயர் தேய்ந்துபோய்விட்டது, மாற்றவேண்டும் என்ற கவலையும் சேர்ந்துவரும். இம்முறை நாம் எடுத்துக்கொள்வது அந்த ரயர் விடயத்தைத்தான். சிறிய விடயம் என்று தள்ளிவிட வேண்டாம். ஒரு சோடி ரயரால் ஒரு காலபோகத்தையே பாதியாக இழந்த மக்களை நாம் அறிவோம். அந்த இழப்பில் எமக்கும் பங்குண்டு. ஆகவே இதை எழுதாமல் விடுவது சரியல்ல.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'நாலு சில்லு' என்று எம்மவர் சொல்வது, லாண்ட்மாஸ்ரர் எனப்படும் இரண்டு சில்லு இயந்திரத்திலிருந்து பெரிய உழவு இயந்திரத்தைப் பிரித்துக் காட்டுவதற்காகவே. ஆனால் நாலு சில்லு இருப்பது வேறு, நாலு சில்லும் இழுப்பது வேறு. எமது தகப்பன்மார் காலத்தில் வன்னி வயல்களை உழுத மசி பேகசன் 35, 135 போன்றவற்றில் பின்சில்லு மட்டுமே இழுத்தது. முன்சில்லு வண்டிற் சில்லைப் போலச் சும்மா உருளும். வழி திருப்புவதே அதன் வேலை. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர் நன்கொடையாகவும் லீசிங் முறையிலும் எமது பகுதிகளுக்கு வந்தவற்றுள் முன்சில்லும் சேர்ந்து இழுக்கும் இயந்திரங்கள் பல. 'ஃபோர் வீல்' என்று சாரதிமார் சொல்வது இவற்றைத்தான். நாம் பேசப்போவதும் இவற்றைப் பற்றியே.

பின்சில்லு மட்டும் இழுக்கும் இயந்திரத்தில் எதை மாற்றினாலும் பெரிய வில்லங்கம் வராது. முன்னுக்குக் கொஞ்சம் பெரிய ரயர் போட்டால் முகம் உயரும், பின்னுக்குப் பெரிதாகப் போட்டால் வேகம் கூடும், அவ்வளவுதான். 1990களில் வடக்கிற்கு எரிபொருளும் பற்றரியும் வர விடாமல் தடுத்திருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் இயந்திரத்தை ஓட்டியவர்கள் நாம். கிடைத்ததைப் பூட்டி, கிழிந்ததைத் தைத்து ஓட்டினோம். 1995 இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோதும், 2008, 2009 இல் கிளிநொச்சியிலிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தபோதும் எத்தனையோ குடும்பங்களுக்கு உழவு இயந்திரப் பெட்டியே வீடு. ரயர் காற்றுப் போனால் வைக்கோல் அடைத்து ஓட்டிய கதைகளும் உண்டு. அந்த அனுபவம் எமக்கு ஒரு துணிவைத் தந்தது. 'எதையும் எதோடும் பொருத்தலாம்' என்ற துணிவு. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தத் துணிவு இல்லாவிட்டால் பலர் உயிர் தப்பியிருக்க மாட்டார்கள். ஆனால் பழைய இயந்திரத்தில் பலித்த வித்தை ஃபோர் வீலில் பலிக்காது. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு நுகத்தில் இரண்டு எருதுகள். ஒன்றின் எட்டு நீளம், மற்றதின் எட்டு குறைவு. சேற்றுக்குள் சறுக்கிச் சறுக்கி எப்படியோ சமாளித்து நடந்துவிடும். இறுகிய தரையில் பாரத்தோடு போகும்போது ஒன்று மற்றதை இழுக்கும். கழுத்துப் புண்படும், அல்லது நுகம் முறியும். ஃபோர் வீல் இயந்திரத்தில் முன்னச்சையும் பின்னச்சையும் பிணைக்கும் நுகம் கியர்ப் பெட்டிக்குள் இருக்கிறது. பின்சில்லு ஒருமுறை சுற்றினால் முன்சில்லு எத்தனை முறை சுற்றவேண்டும் என்பதைப் பற்சில்லுகளின் எண்ணிக்கை முடிவுசெய்கிறது. அதைத் தொழிற்சாலையில் முடிவுசெய்தாயிற்று. நாம் ரயரை மாற்றினால் பல்லின் எண்ணிக்கை மாறாது. மாறுவது சில்லு ஒரு சுற்றில் கடக்கும் தூரம் மட்டுமே. அந்தத் தூரம் முன்னுக்கும் பின்னுக்கும் பொருந்தாமற் போனால் நுகத்தில் வலி விழுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இயந்திரம் செய்பவர்கள் முன்சில்லை பின்சில்லோடு சரிசமமாக ஓட விடுவதில்லை. முன்சில்லு கொஞ்சம் முந்தி ஓடும்படியே அமைப்பார்கள். பொதுவாக 100 இற்கு 1 முதல் 5 வரை. முந்தி ஓடினால்தான் முன்சில்லு உண்மையில் இழுக்கும். வளைவில் முன்சில்லு பின்சில்லைவிட நீண்ட பாதையில் போகவேண்டியிருப்பதும் ஒரு காரணம். இந்த முந்தல் அளவுக்கு மிஞ்சினால் முன் ரயர் தரையில் தேய்ந்து வீணாகும். முந்தல் இல்லாமற் போய், முன்சில்லு பிந்தினால் நிலைமை இன்னும் மோசம். பின்சில்லு தள்ள, முன்சில்லு பிறேக் பிடித்தது போலத் தடுக்கும். சாரதிக்கு டீசல் செலவுதான் தெரியும். உள்ளே பற்சில்லு நெரிபடுவது தெரியாது.

இப்போது அந்தக் கதைக்கு வருவோம்.

2021 புரட்டாதி மாதம். வன்னியில் ஒரு குளத்தின் கீழ் மீளக்குடியமர்ந்த குடும்பங்களின் கமக்காரர் சங்கம் ஒன்று. ஊரும் பேரும் வேண்டாம். உதவி நிறுவனம் ஒன்று கொடுத்த ஃபோர் வீல் இயந்திரம் சங்கத்திடம் இருந்தது. முன்னுக்கு 8-18, பின்னுக்கு 13.6-28 ரயர்கள். பின் ரயர்கள் முழுதாகத் தேய்ந்துவிட்டன. 2020 இல் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் ரயர் விலை ஏறியிருந்த நேரம். கேட்ட அளவும் கிடைக்கவில்லை. ஒரு வியாபாரி பாவித்த 14.9-28 சோடி ஒன்றைக் காட்டினார். அதே 28 அங்குல றிம்முக்கு ஏறும், விலையும் பாதி, 'ஒரு அளவு பெரிசு போட்டால் சேத்துக்கை தாழாது, இழுவையும் கூடும்' என்றார். தாழாது என்பது ஓரளவு உண்மை. இழுவை கூடும் என்பது அரை உண்மை. அகலமான ரயர் மண்ணை நன்றாகப் பிடிக்கும்தான். ஆனால் சில்லின் உயரம் கூடினால் அதே கியரில் வேகம் கூடி, இழுக்கும் பலம் குறையும். இதையெல்லாம் அன்று யார் யோசித்தது? சங்கக் கூட்டத்தில் வாங்குவதென்று தீர்மானமாயிற்று. நாமும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம். விலை குறைவு என்று நாமும் தலையாட்டினோம்.

மூன்றாம் நாளே சாரதி தலைவரிடம் வந்தார். இருபத்தைந்து வயதுப் பொடியன். 'அண்ணை, ஃபோர் வீலுக்குப் போட்டால் பிறகு லீவர் விடுகுதில்லை. கொஞ்சம் பின்னுக்கு எடுத்தாத்தான் விடுகுது' என்றார். தலைவர் 'ஒயில் பழசாப் போச்சுது போல, மாத்துவம். நீ அதுக்குள்ளை கண்டபடி லீவரை இழுத்து முறிச்சுப்போடாதை' என்றார். எம்மிடமும் அதே முறைப்பாடு வந்தது. மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போனோம். இன்று நினைத்தால், அந்தப் பொடியன் சொன்னதில் நோயின் முழு விபரமும் இருந்தது. இரண்டு அச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும்போது லீவர் விடாது. பின்னுக்கு எடுத்தால் முறுக்கு அவிழும், லீவரும் விடும். வயலுக்குள் அவர் ஓட்டியபோது சேறு சறுக்க இடம் கொடுத்தது, ஒன்றும் முறியவில்லை. முறிந்தது விதைநெல் மூட்டைகளைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு கிரவல் றோட்டில் வந்தபோது. அன்றைக்கும் லீவர் விடாமல் ஃபோர் வீலிலேயே ஓட்டி வந்திருக்கிறார். முன்னச்சின் பற்சில்லு போயிற்று.

உதிரிப் பாகம் கொழும்பிலிருந்து வரவேண்டும். அதற்குள் மழை வந்துவிட்டது. கையில் காசிருந்தவர்கள் வெளி இயந்திரம் பிடித்து உழுதார்கள். நகையை அடகு வைத்தவர்கள் உண்டு. கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்களின் காணிகள்தான் கடைசியில் உழப்பட்டன. சில உழப்படவே இல்லை. செயற்கை உரத்துக்கான தடையால் அந்த ஆண்டு விளைச்சல் ஏற்கெனவே கேள்விக்குறியாய் இருந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குமேல் இது.

பிறகு கூட்டம் கூடிற்று. யாரோ ஒருவர் பிழைகாரராக வேண்டும் அல்லவா? கண்டபடி ஓட்டி இயந்திரத்தை உடைத்தார் என்று கூட்டக் குறிப்பில் எழுதி, சாரதியை நிறுத்தினார்கள். அவர் ஒன்றும் பேசாமல் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நாமும் ஒன்றும் பேசவில்லை.

உண்மை தெரிந்தது தைமாதத்தில், அதுவும் தற்செயலாக. திருத்தி முடிந்த இயந்திரத்தை எடுக்கப்போனபோது கராச்சில் இருந்த முதிய மெக்கானிக் ஒருவர் 'பின் ரயர் மாத்தினீங்களோ?' என்று கேட்டார். பிறகு ஒரு வெண்கட்டி எடுத்து முன்சில்லிலும் பின்சில்லிலும் ஒவ்வொரு கோடு கீறினார். அவர் செய்து காட்டியதை வாசகர்களும் செய்து பார்க்க வேண்டும் என்பதற்காகச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

இறுகிய மண்தரையில் நேராக 80 மீற்றர் அளவு இடம் வேண்டும். தார் றோட்டில் செய்ய வேண்டாம். நாலு ரயருக்கும் சரியான காற்று அடித்திருக்க வேண்டும். ஃபோர் வீல் லீவரை எடுத்துவிட்டு, மெதுவாக ஓட்டி, பின்சில்லு சரியாக 20 சுற்றுச் சுற்றும்வரை போகவேண்டும். ஒருவர் பின்சில்லை எண்ண, இன்னொருவர் கூடவே நடந்து முன்சில்லை எண்ண வேண்டும். முழுச் சுற்றோடு நிற்காவிட்டால் கால், அரை என்று கணக்கெடுக்க வேண்டும். பிறகு லீவரைப் போட்டுவிட்டு அதே தூரத்தை அதேபோல் ஓட்டி மீண்டும் எண்ண வேண்டும். லீவர் எடுத்திருக்கும்போது வரும் எண் நிலம் கேட்கும் எண். லீவர் போட்டிருக்கும்போது வரும் எண் பற்சில்லு கொடுக்கும் எண். கொடுப்பது கேட்பதைவிடக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும். உதாரணமாக நிலம் 29 கேட்க, பற்சில்லு 30 கொடுத்தால் முந்தல் ஏறத்தாழ மூன்றரை வீதம். நல்ல இயந்திரம்.

இனி 13.6-28 இற்குப் பதிலாக 14.9-28 போட்டால் என்ன நடக்கும்? பின்சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 5 வீதம் கூடும். பின்சில்லு 20 சுற்றுச் சுற்றும்போது இயந்திரம் முன்னரைவிடக் கூடிய தூரம் போய்விடும். அந்தத் தூரத்தைக் கடக்க முன்சில்லு முப்பதரைச் சுற்றுச் சுற்றவேண்டும். பற்சில்லு கொடுப்பதோ அதே 30. நிலம் முப்பதரை கேட்கிறது, பெட்டி முப்பதுதான் தருகிறது. மிச்ச அரைச் சுற்றுக்கு எங்கே போவது? சேற்றில் சறுக்கலாம். கிரவல் றோட்டில் பாரத்தோடு சறுக்க முடியாது. முறுகும், முறுகும், முறியும். கராச் முற்றத்தில் அந்த முதியவர் எண்ணிக்காட்டியது இதைத்தான். பத்து நிமிட வேலை. ஒரு சத வெண்கட்டி.

ரயரில் எழுதியிருக்கும் இலக்கத்தை வாசிக்கத் தெரிந்துகொள்வதும் நல்லது. 13.6-28 என்றால் ரயரின் அகலம் 13.6 அங்குலம், றிம்மின் விட்டம் 28 அங்குலம். றிம் ஒன்றென்பதால் சில்லின் உயரமும் ஒன்றென்று நினைப்பதுதான் எம்மவர் விடும் தவறு. அகலம் கூடினால் உயரமும் கூடும். பழைய ரயர்களில் 12.4/11-28 என்று இரண்டு இலக்கம் இருக்கும். 11 என்பது பழைய அளவுப் பெயர், 12.4 என்பது புதியது, இரண்டும் ஒன்றே. நடுவில் கோட்டுக்குப் பதிலாக ஆங்கில 'ஆர்' எழுத்து இருந்தால் அது ரேடியல் ரயர். 340/85 ஆர் 28 என்று மில்லிமீற்றரில் எழுதியிருந்தால் அது 13.6 ஆர் 28 இற்குச் சமமானது. அளவு ஒன்றாயினும் ரேடியல் ரயரும் சாதாரண ரயரும் பாரத்தின் கீழ் ஒரேமாதிரி உருளமாட்டா. ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் போடுவதென்றால் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே இலக்கம் போட்ட ரயர்கூடக் கம்பனிக்குக் கம்பனி சுற்றளவில் கொஞ்சம் வேறுபடும். சேற்று வயலுக்கென்று உயரமான றப்பர்க் கட்டைகளோடு வரும் ரயர் இன்னொரு பொறி. இலக்கம் 13.6-28 என்றே இருக்கும். ஆனால் கட்டையின் உயரத்தால் சுற்றளவு கூடிவிடும். பின்னுக்கு அதைப் போட்டால் முன்னுக்கும் அந்த வகையே போடவேண்டும்.

தேய்மானத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. றப்பர்க் கட்டை 2 சென்ரிமீற்றர் தேய்ந்தால் சுற்றளவு 12 சென்ரிமீற்றருக்கு மேல் குறையும். 8-18 போன்ற சிறிய முன்சில்லுக்கு இது ஏறத்தாழ 5 வீதம். அதாவது மொட்டை முன் ரயரை அப்படியே விட்டுவிட்டு, பின்னுக்குச் சரியான அளவிலேயே புத்தம்புது ரயர் போட்டாலும் முந்தல் போய்விடலாம். பணம் ஒரு சோடிக்குத்தான் இருக்கிறதென்றால் எந்தச் சோடி என்பதைக் கடைக்காரரிடம் கேட்காமல் வெண்கட்டியிடம் கேளுங்கள். காற்றைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாமா என்று கேட்பவர்களும் உண்டு. மிகச் சிறிய வித்தியாசத்தை, ரயரில் குறித்த அளவுக்குள் நின்று, சரிசெய்யலாம். ஒரு அளவு வித்தியாசத்தைக் காற்றால் மறைக்க முடியாது. பொருந்தாத ரயர் ஏற்கெனவே ஏறிவிட்டதா? மாற்றும்வரை ஃபோர் வீலைத் தொடாமல் பழைய மசி பேகசனைப் போலப் பின்சில்லில் ஓட்டுங்கள். உழவு கொஞ்சம் கஷ்டப்படும். முன்னச்சு தப்பும்.

வாங்கும் முன்னரே அளக்கவும் வழியுண்டு. றிம்மில் காற்றடித்து நிற்கும் ரயரானால் ஒரு கயிற்றைக் கட்டைகளின் மேலாகச் சுற்றி அளந்து, உங்களிடமுள்ள அதே வகைப் பழைய ரயர் புதிதாயிருந்தபோது எடுத்த அளவோடு ஒப்பிடலாம். அந்தப் பழைய அளவு எங்கே இருக்கும்? எழுதிவைத்தால் இருக்கும். அங்கேதான் எமது சங்கங்கள்மீது எமக்கொரு மனத்தாங்கல். பெட்டி வாடகை, டீசல் கணக்கு, சந்தா எல்லாம் கொப்பியில் இருக்கிறது. இயந்திரம் எந்த ரயரோடு வந்தது, எப்போது மாற்றினோம், சுற்றளவு என்ன என்பது ஒரு சங்கத்தின் கொப்பியிலும் இருப்பதை நாம் காணவில்லை.

கொடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அவர்களில் எம்மைப் போன்றவர்களும் அடக்கம். இயந்திரத்துக்கு மாலை போட்டு, நாடா வெட்டி, படம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறோம். கைநூல் ஆங்கிலத்தில் இருக்கும். சில வேளை அதுவும் இல்லை. எந்த முன் ரயரோடு எந்தப் பின் ரயர் போடலாம் என்ற பட்டியல் அந்தக் கைநூலில் ஒரு பக்கம்தான். அதைத் தமிழில் எழுதி இயந்திரத்தோடு கொடுக்க எவ்வளவு செலவாகும்? லீசிங்கில் விற்பவர்கள் தவணை தவறினால் இயந்திரத்தை இழுத்துக்கொண்டு போகும் விதியை மட்டும் தமிழில் தெளிவாக விளங்கப்படுத்துகிறார்கள். ரயர்ப் பட்டியலையும் அதேபோல் விளங்கப்படுத்தும்படி, கையொப்பம் வைக்க முன்னர் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. முப்பது ஆண்டுகளில் மூன்று நான்கு தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, 1990 இல் விட்டுவந்த வலிகாமம் வடக்குக் காணியை இன்னும் முழுதாகக் காணாதவர்களும் வாசிக்கும் பக்கம் இது. இன்னொரு இயந்திரத்தை இழந்து படிக்க உங்களுக்கு வசதியில்லை.

சாரதி சொல்வதைக் கேட்பதும் இதில் அடக்கம். லீவர் இறுகுகிறது, திருப்ப ஸ்ரெயறிங் கனக்கிறது, முன் ரயர் ஒரு போகத்திலேயே தேய்கிறது, றோட்டில் இயந்திரம் துள்ளுகிறது என்று ஒரு சாரதி சொன்னால், அவர் குறைகூறவில்லை, அளந்து சொல்கிறார். கூலிக்காரப் பொடியனுக்கு என்ன தெரியும் என்ற எண்ணம் எம்மிடையே ஆழமாக இருக்கிறது. நாள்முழுதும் இருக்கையில் இருப்பவர் அவர். கூட்டத்தில் கதிரையில் இருப்பவர்கள் நாம்.

அந்தச் சங்கம் பின்னர் 13.6-28 சோடி ஒன்றைத் தவணைக்கு வாங்கிப் பூட்டியது. இயந்திரம் இப்போது ஓடுகிறது. பழைய சாரதி பூநகரிப் பக்கம் ஒருவருடைய அறுவடை இயந்திரத்தை ஓட்டுகிறார். இம்முறை முன் ரயர்கள் மாற்ற இருப்பதால் வந்து எண்ணித் தரும்படி சங்கத்தார் ஆளனுப்பினார்கள். வருகிறேன் என்றாராம். ஆனால் அதற்குமுன் 2021 கூட்டக் குறிப்பில் தன்னைப் பற்றி எழுதிய வரியை வெட்டி, ரயர் பிழை என்று எழுதவேண்டும் என்று கேட்டிருக்கிறார். அந்தக் கொப்பியைப் போன கிழமை நாம் பார்த்தோம். வரி இன்னும் வெட்டப்படவில்லை.